மணத்தின் மூலம் தேடிய மாமேதை: சர் ஜான் சைமன்சன்

அதிகாலை வேளையில் நம் காரமடைப் பக்கத்துத் தோட்டங்களின் வழியே நடந்து வந்திருக்கிறீர்களா? கறிவேப்பிலையைக் கட்டுக் கட்டாக அறுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். கண் அதைக் காணுமுன் மூக்கு கண்டுகொள்ளும். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் தைல மரங்களின் காரமான வாசனை எதிர்கொண்டு வரவேற்கும். ஞாயிறு திருப்பலியில் தூபக் கலசம் அசையும்போது எழும் சாம்பிராணி மணம், பீடத்தருகே தொடங்கிக் கடைசி வரிசையில் இருப்பவரையும் வந்தடையும். பெத்தானியா ஊரில் மரியா நம் ஆண்டவரின் பாதங்களில் பூசிய விலையுயர்ந்த தைலத்தின் மணம் வீடு முழுவதும் பரவியதை நற்செய்தியில் வாசிக்கிறோம்.

மணம் எப்படிப் பரவுகிறது? சமையலறையில் சர்க்கரை டப்பாவைத் திறந்தால் ஒரு வாசனையும் வருவதில்லை. பக்கத்திலிருக்கும் ஏலக்காய் டப்பாவைத் திறந்த மாத்திரத்தில் அறையே மணக்கிறது. இரண்டும் இறைவன் படைத்த செடிகள் தந்தவையே. ஒன்று மணக்கவும் மற்றொன்று மணக்காதிருக்கவும் காரணம் யாது? இது சிறு கேள்வி போலத் தோன்றினாலும், இதன் விடை மூலக்கூறுகளின் உள் அமைப்பில் அடங்கியிருக்கிறது. அவ்வமைப்பை அறிவதற்காக, நம் நாட்டு மரங்களும் புற்களும் பிசின்களும் தரும் வாசனைத் தைலங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த பெருமகன் ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம். அவரே சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக விளங்கியவரும், இந்திய விஞ்ஞான காங்கிரஸைத் தோற்றுவித்த இருவருள் ஒருவருமான சர் ஜான் லயனல் சைமன்சன்.

இளமையும் கல்வியும்

சைமன்சன் 1884ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 22ஆம் நாள் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரையடுத்த லெவன்ஷூம் என்னுமிடத்தில் பிறந்தார். பெற்றோர் டென்மார்க் நாட்டு வழியினர். பஞ்சாலைகளின் புகைபோக்கிகள் நிறைந்த நகரம் மான்செஸ்டர். நம் கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று அழைப்பது அந்நகரை நினைவிற்கொண்டுதான். அங்குள்ள இலக்கணப் பள்ளியிலும் பின்னர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திலும் அவர் பயின்றார்.

பல்கலைக்கழகத்தில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் பேராசிரியர் பெர்க்கின். இவருடைய தந்தையார்தாம் 1856இல் தமது பதினெட்டாம் வயதில் நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளைக்கொண்டு ஊதா நிறச் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றவர். மகன் பெர்க்கினோ தாவரங்களின் வாசனைப் பொருள்களில் மனத்தைச் செலுத்தினார். லைலாக் மலரின் மணத்தையொத்த டெர்பினியால் என்னும் பொருளை 1904இல் ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கிக் காட்டினார். குருவின் ஆர்வம் சீடரையும் பற்றிக்கொண்டது. பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்பார்கள் அல்லவா? 1909இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்ற சைமன்சன், வாசனைத் தைலங்களின் வேதியியலையே தம் வாழ்நாள் பணியாக ஏற்றுக்கொண்டார்.

சென்னைக்கு வருதல்

1910ஆம் ஆண்டில் சைமன்சன் சென்னை மாநிலக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியராகக் கப்பலேறி வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. கடற்கரையை நோக்கி நிற்கும் அச்சிவந்த கட்டடத்தில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினார்.

வந்த சிறிது காலத்திலேயே ஒரு குறை அவர் மனத்தை உறுத்தலாயிற்று. இந்தியாவில் ஆராய்ச்சி செய்வோர் இல்லாமலில்லை. ஆனால் ஒருவர் சென்னையில், ஒருவர் கல்கத்தாவில், ஒருவர் லக்னோவில் என்று சிதறிக் கிடந்தனர். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. ஐயம் எழுந்தால் கேட்க ஆளில்லை. தவறு நேர்ந்தால் எடுத்துச் சொல்லவும் ஆளில்லை. பிரயாணமோ நாள் கணக்கில் ஆகும். இத்தனிமையில் எத்தனையோ நல்ல முயற்சிகள் வாடிப்போய்விடும் என்பதை அவர் உணர்ந்தார்.

லக்னோ நகரின் கானிங் கல்லூரியில் வேதியியல் கற்பித்த பேராசிரியர் மக்மஹோன் என்பவரும் இவ்வாறே எண்ணினார். பிரிட்டனில் அறிஞர்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடித் தம் ஆராய்ச்சிகளைப் பொதுமக்கள் அறிய எடுத்துரைக்கும் சங்கம் ஒன்று உண்டு. அதைப் போன்றதொரு கூட்டம் இந்தியாவிலும் நடைபெற வேண்டுமென்று இருவரும் விரும்பினர். இருவரும் செல்வாக்கு மிக்க அதிகாரிகள் அல்லர், இளம் ஆசிரியர்களே. ஆயினும் நாட்டிலுள்ள அறிஞர்களின் கருத்தைக் கேட்டறிந்து, ஆதரவு திரட்டினர். 1912 நவம்பரில் கல்கத்தாவில் பதினேழு பேர் கூடிய சிறு கூட்டத்தில் அவர்கள் கனவு உருப்பெற்றது.

1914 ஜனவரி 15 முதல் 17 வரை கல்கத்தா ஆசியச் சங்கத்தின் மாளிகையில் முதல் இந்திய விஞ்ஞான காங்கிரஸ் நடைபெற்றது. கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர் சர் அசுதோஷ் முகர்ஜி தலைமை தாங்கினார். 105 அறிஞர்கள் வந்திருந்தனர். தாவரவியல், வேதியியல், மக்களினவியல், நிலவியல், இயற்பியல், விலங்கியல் என ஆறு பிரிவுகளில் 35 கட்டுரைகள் படிக்கப்பெற்றன. அடுத்த ஆண்டுக் கூட்டம் சென்னையிலேயே கூடியது. கௌரவச் செயலாளர் என்ற முறையில் கடிதம் எழுதுதல், கணக்குப் பார்த்தல், இடம் ஏற்பாடு செய்தல் போன்ற, புகழ் தராத வேலைகளையெல்லாம் சைமன்சன் பல ஆண்டுகள் மக்மஹோனுடன் சேர்ந்து சுமந்தார். விழா மேடையில் மாலை வாங்குபவரை எல்லாரும் அறிவர். நாற்காலி தூக்கிப் போட்டவரை அறிபவர் சிலரே. இது நம் பள்ளி விழாவிலும் நாம் காண்பதுதானே?

மணமும் முனைவும்

நிற்க. சைமன்சன் ஆராய்ந்த பொருள்களைப் புரிந்துகொள்ள நாம் சற்று வேதியியல் வகுப்பிற்குள் நுழைய வேண்டும்.

மூலக்கூறில் உள்ள அணுக்கள் எலெக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு இணைந்திருக்கின்றன. இப்பகிர்வு எப்போதும் சமமாக அமைவதில்லை. அக்காளும் தங்கையும் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தால், பலமுள்ளவள் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள் அல்லவா? அவ்வாறே நீரின் மூலக்கூறில் ஆக்ஸிஜன் அணு எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதனால் ஆக்ஸிஜன் இருக்கும் பக்கம் சிறிது எதிர் மின்தன்மையும், ஹைட்ரஜன் இருக்கும் பக்கம் சிறிது நேர் மின்தன்மையும் உண்டாகின்றன. இவ்வாறு இரு முனைகள் தோன்றுவதையே முனைவுத் தன்மை என்கிறோம். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த பொருள்களிலோ பகிர்வு ஏறக்குறையச் சமம். அவை முனைவற்றவை அல்லது முனைவு மிகக் குறைந்தவை.

முனைவுள்ள மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதிலும் ஆக்ஸிஜனுடன் இணைந்த ஹைட்ரஜன், அடுத்த மூலக்கூறின் ஆக்ஸிஜனை நாடி உண்டாகும் ஹைட்ரஜன் பிணைப்பு வலிமை மிக்கது. நீரின் மூலக்கூறு எடை 18. ஹைட்ரஜன் சல்பைடின் மூலக்கூறு எடை 34. எடை மிகுந்த பொருளே கொதிக்க அதிகச் சூடு வேண்டுமென்று நாம் எண்ணுவோம். நடப்பதோ நேர்மாறு. நீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடோ பூஜ்யத்திற்கும் 60 டிகிரி கீழேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. ஆகவேதான் அழுகிய முட்டையின் நாற்றமாக அது நம் மூக்கைத் தாக்குகிறது.

மணம் என்பது மூக்கை வந்தடையும் மூலக்கூறுகளால் உண்டாவது. பொருளைவிட்டுப் பிரிந்து காற்றில் பறக்க இயலாதது மணக்க இயலாது. குளுக்கோஸ் சர்க்கரையின் மூலக்கூறு எடை 180. அதில் முனைவுள்ள ஆக்ஸிஜன், ஹைட்ரஜன் இணைகள் பல இருப்பதால் மூலக்கூறுகள் கைகோத்துக்கொண்டு ஒன்றையொன்று விடுவதில்லை. கடுந்தீயில் வைத்தாலும் ஆவியாகிப் பறப்பதற்கு முன் கருகிப்போகும். கறிவேப்பிலையிலும் மிளகிலும் உள்ள காரியோஃபிலீன் என்னும் பொருளின் எடையோ 204. குளுக்கோஸைவிடக் கனமானது. ஆயினும் அதில் இருப்பவை கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. இழுத்துப் பிடிப்பது குறைவாதலால் இலையைக் கசக்கிய உடனே காற்றில் கலந்து நம்மிடம் வந்துவிடுகிறது. சர்க்கரை டப்பாவின் மர்மம் இப்போது விளங்குகிறதா?

அம்மா கறிவேப்பிலையைத் தண்ணீரில் போடாமல் எண்ணெயில் தாளிப்பதற்கும் இதுவே காரணம். முனைவுள்ளது முனைவுள்ளதில் கரையும். முனைவற்றது முனைவற்றதில் கரையும். வாசனைப் பொருள்கள் எண்ணெயில் கரைந்து தங்கி, உணவு முழுவதும் பரவுகின்றன. நீலகிரியில் தைலம் எடுப்போர் இலைகளை நீராவியில் வேகவைத்து, வரும் ஆவியைக் குளிரவைக்கின்றனர். நீரும் தைலமும் ஒன்றோடொன்று கலவாமல் தனித்தனி அடுக்குகளாகப் பிரிவதால் தைலத்தை எளிதில் இறுத்துக்கொள்ள முடிகிறது.

முனைவே இல்லாதிருப்பதுதான் நல்லதோ என்றால் அதுவுமன்று. மூக்கின் உட்புறம் ஈரமான சவ்வினால் மூடப்பட்டிருக்கிறது. அந்த ஈரத்தைக் கடந்து உணர்வு நரம்புகளை அடைய, சிறிதளவு முனைவு துணைபுரிகிறது. நீலகிரித் தைலத்திலுள்ள சினியோலில் ஓர் ஆக்ஸிஜன் அணு உண்டு. ரோஜா மலரின் ஜெரானியாலிலும் ஒன்று உண்டு. அதிகமும் வேண்டாம், முற்றிலும் இல்லாமலும் வேண்டாம் என்று அளந்து வைத்தாற்போல் இருக்கிறது இயற்கையின் அமைப்பு. ஆனால் முனைவு ஒரு பொருளை மூக்கின் வாசல்வரை கொண்டுவந்து சேர்க்குமே தவிர, அது மல்லிகையாக மணக்குமா, கற்பூரமாக மணக்குமா என்பதைத் தானே முடிவு செய்வதில்லை. அதற்கு மூலக்கூறின் வடிவமும் வேண்டும். கார்வோன் என்னும் பொருள், வலக்கையும் இடக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரு வடிவங்களில் உண்டு. இரண்டின் முனைவும் ஒன்றே. ஆயினும் ஒன்று புதினா வகையின் மணமும், மற்றது கேரவே விதையின் மணமும் தருகின்றன.

மூலக்கூறுகளுக்கு நிலையான இருமுனைகள் உண்டென்பதை 1912இல் விளக்கியவர் ஹாலந்து நாட்டில் பிறந்த பீட்டர் டிபை. அவரும் சைமன்சன் பிறந்த அதே 1884ஆம் ஆண்டில் பிறந்தவர். 1936இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். இருமுனைத் திருப்புத்திறனின் அலகு இன்றும் அவர் பெயரால் டிபை என்றே வழங்குகிறது. டிபை அளவுகோலைத் தந்தார். சைமன்சன் போன்றோர் மணப்பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, அவற்றின் அணுக்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்று காட்டினர். இரண்டும் சேர்ந்தால்தான் மணத்தின் கதை முழுமை பெறும்.

போரும் தைலமும்

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. அதுவரை நம் நாட்டுச் சந்தனக் கட்டைகள் பெரும்பாலும் ஜெர்மனிக்குச் சென்று, அங்கே தைலமாக வடிக்கப்பட்டு வந்தன. போரினால் அவ்வாணிகம் நின்றது. கட்டை நம்மிடம் இருந்தது. தைலம் எடுக்கும் தொழில் நம்மிடம் வளரவில்லை. அந்நெருக்கடியில்தான் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து வேதியியலாரின் ஆய்வின் பயனாக மைசூர் சமஸ்தானத்தில் சந்தனத் தைல உற்பத்தி தொடங்கியது. தன் நாட்டுப் பொருளின் அறிவைத் தானே பெறாத நாடு, பிறர் கையை எதிர்பார்த்தே நிற்க வேண்டும் என்ற பாடத்தை அப்போர் கற்பித்தது.

சைமன்சனும் போர்க் காலத்தில் இந்தியப் போர்த்தளவாட வாரியத்தில் எண்ணெய்களின் கட்டுப்பாட்டு அதிகாரியாகவும் வேதியியல் ஆலோசகராகவும் பணிபுரிந்தார். போர் முடிந்ததும், 1919இல், இமயமலை அடிவாரத்து டேராடூன் நகரிலுள்ள வன ஆராய்ச்சி நிலையத்தின் தலைமை வேதியியலாராகப் பொறுப்பேற்றார்.

பழி சுமந்த பைன் மரம்

டேராடூனில் அவர் முன் வந்து நின்றது பெரிய வழக்கொன்று. இமயமலைச் சரிவுகளில் சீர் பைன் மரங்கள் காடுகாடாக வளர்கின்றன. மரத்தில் வெட்டுவாய் இட்டுப் பிசினை வடித்து, அதைக் காய்ச்சினால் டர்பன்டைன் கிடைக்கும். வர்ணம் பூசுவோருக்கும் வார்னிஷ் செய்வோருக்கும் இன்றியமையாத பொருள் அது. அரசாங்கம் அதனால் வருமானம் வருமென்று எதிர்பார்த்தது. ஆனால் சந்தையில் இந்திய டர்பன்டைனுக்கு நற்பெயர் இல்லை. அமெரிக்க, பிரெஞ்சுச் சரக்கைப் போல் அது சீராக ஆவியாவதில்லை என்றனர். தாழ்ந்த சரக்கு என்று ஒதுக்கினர்.

சைமன்சன் குறை சொல்வதற்கு முன் பொருளைக் கேட்டறிய முற்பட்டார். இன்றுள்ள நுண்கருவிகள் எவையும் அன்று இல்லை. காற்றழுத்தத்தைக் குறைத்து மெதுவாகக் காய்ச்சி வடித்தார். வெவ்வேறு வெப்பநிலையில் வந்த பகுதிகளைத் தனித்தனியே பிடித்தார். ஒவ்வொன்றின் கொதிநிலையையும், அது ஒளியை வளைக்கும் அளவையும், ஒளியின் தளத்தைத் திருப்பும் கோணத்தையும் அளந்தார். பிறகு அமிலங்களுடன் வினைபுரியச் செய்து, அழகிய படிகங்களாக மாற்றி, அவை யாவை என இனங்கண்டார். ஒரு பொருளின் அடையாளத்தை உறுதி செய்யவே மாதக்கணக்கில் பாடுபட வேண்டியிருக்கும்.

உண்மை வெளிப்பட்டது. இந்திய டர்பன்டைன் கெட்டுப்போன சரக்கும் அன்று; கலப்படமும் அன்று. அது வேறொரு பொருள்! மற்ற நாட்டுச் சரக்கில் மிகுந்திருப்பது 156 டிகிரியில் கொதிக்கும் பைனீன். நம் சீர் பைனிலோ, ஏறத்தாழ 170 டிகிரியில் கொதிக்கும் புதிய டெர்பீன் ஒன்று மிகுதியாக இருந்தது. இனிமையும் காரமும் கலந்த மணமுடைய அதற்குக் காரீன் என்று பெயர் வந்தது. அதனுடன் இன்னும் கனமான, 250 டிகிரிக்கு மேல் கொதிக்கும் மற்றொரு புதிய பொருளும் இருந்தது. சீர் பைனின் அந்நாளைய தாவரவியற் பெயரான பைனஸ் லாஞ்சிஃபோலியா என்பதையொட்டி அது லாஞ்சிஃபோலீன் எனப்பட்டது. கனமான இவ்விரண்டும் ஆவியாகத் தாமதித்ததே சந்தையில் எழுந்த புகாருக்குக் காரணம். 1920இல் இம்முடிவுகள் வெளிவந்தன.

மற்றவரைப் போல் இல்லை என்பதால் ஒன்றைத் தாழ்ந்தது என்று சொல்லிவிடுவது எவ்வளவு எளிது! வேறாக இருப்பது வேறு, தாழ்ந்திருப்பது வேறு என்பதைச் சோதனைக் குழாயின் மூலம் மெய்ப்பித்தார் சைமன்சன்.

அவர் ஆராய்ந்த மற்றொரு பொருளும் நம் மனத்திற்கு நெருக்கமானது. மூன்று ஞானிகள் குழந்தை இயேசுவுக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்த சாம்பிராணி, பாஸ்வெல்லியா என்னும் இனத்து மரங்களின் பிசின். அவ்வினத்தைச் சேர்ந்த மரமொன்று இந்தியக் காடுகளிலும் வளர்கிறது. அம்மரத்துப் பிசினின் தைலத்தையும் அவர் பகுத்தாராய்ந்தார். சில புற்கள், மஞ்சள் இனத்துக் கிழங்குகள் ஆகியவற்றின் தைலங்களும் அவர் கைபட்டவை. கோபால ராவ், சஞ்சீவ ராவ், பிள்ளை முதலிய இந்திய ஆய்வாளர்களின் பெயர்கள் அவர் பெயரோடு சேர்ந்தே ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அச்சேறின. ஆளும் இனத்தவரின் பெயரே எங்கும் முன்னிற்கும் அக்காலத்தில் இது குறிப்பிடத்தக்கது.

பெங்களூரும் பிரியாவிடையும்

1925இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கரிம வேதியியல் பேராசிரியரானார். அங்கு மூன்று ஆண்டுகள் மாணவர்களை ஆராய்ச்சியில் பழக்கினார். 1928 ஜனவரியில் கல்கத்தாவில் கூடிய பதினைந்தாவது விஞ்ஞான காங்கிரஸின் தலைமைப் பதவி அவரை நாடி வந்தது. நாற்காலி போட்டவரே அதில் அமரும் நாள் வந்தது எனலாம்.

அடுத்த மாதமே, அதே கல்கத்தா நகரில், பிப்ரவரி 28ஆம் நாள், நம் தமிழ்நாட்டுச் சி. வி. ராமன் தமது புகழ்பெற்ற ஒளிச்சிதறல் விளைவைக் கண்டறிந்தார். ராமனும் மாநிலக் கல்லூரியின் மாணவரே; ஆனால் சைமன்சன் வருமுன்பே படித்து முடித்துச் சென்றவர். 1929இல் சென்னையில் கூடிய காங்கிரஸிற்கு ராமனே தலைமை வகித்தார். பிற்காலத்தில் மூலக்கூறுகளின் அமைப்பை அறிய ராமன் விளைவும் சிறந்த கருவியாயிற்று. சைமன்சன் மாதக்கணக்கில் தேடியதை, அவருக்குப் பின் வந்தோர் ஒளியின் துணையால் விரைவில் தேடக் கற்றனர்.

1928இல் சைமன்சன் இந்தியாவிலிருந்து விடைபெற்றார். பதினெட்டு ஆண்டுகளை, தம் வாழ்வின் மிகச் சிறந்த இளமைப் பருவத்தை, இந்நாட்டில் செலவிட்டிருந்தார்.

நூலும் நிறைவும்

தாயகம் திரும்பியபின், 1930 முதல் 1942 வரை வேல்ஸ் நாட்டின் பாங்கர் நகரக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தார். அங்கே டெர்பீன்களைப் பற்றிய மாபெரும் நூலை எழுதினார். முதலிரு தொகுதிகள் 1931, 1932ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. பின்னர் இளைய அறிஞர்களைத் துணைக்கொண்டு அதை ஐந்து தொகுதிகளாக விரிவாக்கினார். அத்துணைவர்களுள் ஒருவரான டெரக் பார்ட்டன் 1969இல் நோபல் பரிசு பெற்றார். உலகின் எந்த மூலையில் வாசனைத் தைலத்தை ஆராய்பவரும் கையிலெடுக்கும் நூலாக அது விளங்கியது.

1932இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1943 முதல் 1952 வரை குடியேற்ற நாடுகளின் விளைபொருள் ஆராய்ச்சிக் குழுவின் இயக்குநராகப் பணியாற்றினார். 1949இல் சர் பட்டமும், 1950இல் ராயல் சொசைட்டியின் டேவி பதக்கமும் அவரைச் சேர்ந்தன.

இத்தனை பெருமைகளுக்கிடையே ஒரு விடுகதை மட்டும் நெடுங்காலம் அவிழாமல் நின்றது. 1920இல் அவர் பிரித்தெடுத்த லாஞ்சிஃபோலீனில் 15 கார்பன் அணுக்களும் 24 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன என்பது தெரிந்திருந்தது. அவை எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பது தெரியவில்லை. 1953இல் மாஃபட், ரோஜர்ஸ் என்னும் இரு அறிஞர்கள் எக்ஸ் கதிர்களின் துணைகொண்டு அதன் வடிவத்தைக் கண்டறிந்தனர். முப்பத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்து, தாம் தொடங்கிய கேள்விக்குப் பிறர் தந்த விடையைத் தம் வாழ்நாளிலேயே காணும் பேறு அவருக்குக் கிட்டியது. 1957 பிப்ரவரி 20ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவருடைய நூலின் இறுதித் தொகுதிகள் வெளியானதும் அவ்வாண்டிலேதான்.

அவருக்குப் பின்

சைமன்சன் விட்ட இடத்திலிருந்து ஆராய்ச்சி தொடர்ந்தது. மணமூட்டும் மூலக்கூறு மூக்கினுள் சென்றபின் என்ன ஆகிறது என்பதை 1991இல் லிண்டா பக் என்னும் பெண்மணியும் ரிச்சர்ட் ஆக்ஸல் என்பவரும் விளக்கினர். மணத்தை உணரும் ஏற்பிகளை உண்டாக்கும் மரபணுக்களின் பெருங் குடும்பத்தை அவர்கள் கண்டுபிடித்து, 2004இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றனர். மனிதரிடம் அத்தகைய ஏற்பிகள் சுமார் 400 வகை உண்டு. பல ஏற்பிகள் சேர்ந்து தரும் செய்தியைக் கொண்டே, இது மல்லிகை, இது மிளகு என்று மூளை அறிகிறது.

அவர் தோற்றுவித்த விஞ்ஞான காங்கிரஸும் வளர்ந்தது. 105 பேருடன் தொடங்கிய அம்மன்றத்திற்கு 1975இல் முதன்முறையாக ஒரு பெண் பொதுத் தலைவரானார். கல்கத்தாவின் டாக்டர் அசிமா சட்டர்ஜியே அவர். அவரும் தாவரங்களின் வேதியியலையே ஆராய்ந்தவர் என்பது எவ்வளவு பொருத்தம்!

அன்புத் தோழியரே! சைமன்சன் வாழ்வு நமக்குக் காட்டும் வழி எது? பெரிய கேள்விகள் தொலைவில் இல்லை. அவை தோட்டத்திலும் அடுப்படியிலும் பீடத்தின் தூபக் கலசத்திலும் இருக்கின்றன. நம் மண்ணில் விளைவதைத் தாழ்வென்று எண்ணாமல், அது என்ன என்று பொறுமையாகக் கேட்பதே அறிவின் தொடக்கம். தனித்து நிற்பவர்களை ஒன்று சேர்ப்பதும், உடனுழைத்தவர் பெயரைத் தம் பெயரோடு எழுதுவதும், விடை தெரியாததை அடுத்த தலைமுறைக்கு நேர்மையுடன் விட்டுச்செல்வதும் அறிஞர்க்கு அழகு.

நாளைக் காலை தாளிக்கும் சட்டியில் கறிவேப்பிலை விழுந்து மணம் எழும்போது, கண்ணுக்குத் தெரியாத அம்மூலக்கூறுகள் எண்ணெயில் கரைந்தும் காற்றில் பறந்தும் உங்களை நாடி வருவதை எண்ணிப் பாருங்கள். அவற்றின் அமைப்பில் இன்னும் அவிழாத முடிச்சுகள் உண்டு. அவற்றுள் ஒன்றையேனும் அவிழ்க்கும் கைகள், இப்பள்ளி ஆய்வுக்கூடத்தில் இன்று சோதனைக் குழாய் பிடித்துப் பழகும் கைகளாக அமைய இறைவன் அருள்வாராக!